பட்டாணி இலை எப்படி உருவாகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் தாவரவியல் படிக்கும் பிள்ளைகளும், மாடியில் தொட்டி வைத்து ஏதாவது வளர்த்துக்கொண்டிருக்கும் ஆச்சிமார்களும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. செட்டிநாட்டுச் செம்மண்ணில் பட்டாணி ஒரு பயிரே இல்லை. இடியாப்பத்துக்குக் குருமா வைக்கும்போதுதான் அதன் முகத்தைப் பார்க்கிறோம். ஆனாலும் மரபியல் பாடத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே அது வந்து நிற்கிறது. எல்லாரும் விதையையும் பூவையும் பற்றியே படிக்கிறார்கள். எனக்கோ அதன் இலைதான் கூடுதல் சுவாரசியம்.

கூட்டிலையில் எது ஓர் இலை? ஒவ்வொரு துண்டும் தனி இலை இல்லையா?

இல்லை. இலை எங்கே தொடங்குகிறது என்று பார்க்க ஒரே வழி, கோணமொட்டைத் தேடுவது. இலைக்காம்பு தண்டோடு சேரும் மடக்கில் ஒரு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் அது இருக்காது.

முருங்கைக் கீரை ஆயும்போது கவனியுங்கள். கையால் உருவிப் போடும் பொடிப் பொடி இலைகள் எல்லாம் சிற்றிலைகள். வெறும் ஈர்க்காகக் குப்பைக்குப் போகிறதே, அது அவற்றின் மைய அச்சு. கிளை கிளையாக விரிந்த அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. வில்வத்தில் இன்னும் எளிது. மூன்று துண்டுக்கும் பொதுவான காம்பு தண்டில் சேருகிற இடத்தில் முள் இருக்கும், துண்டுகளின் அடியில் முள் இருக்காது. ஆக, சிவன் கோயிலில் கொடுக்கும் மூன்று துண்டும் சேர்ந்து ஓர் இலை.

பட்டாணி இலையில் என்னென்ன இருக்கின்றன?

அடியிலிருந்து போவோம். தண்டை அணைத்தபடி இரண்டு இலையடிச் செதில்கள். செதில் என்ற பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், பட்டாணியில் அவை சிற்றிலைகளைவிடப் பெரியவை. பார்த்தவுடன் இதுதான் இலை என்று நினைத்துவிடுவோம். அடுத்து இலைக்காம்பு. அதன்மேல் எதிரெதிராக ஒன்று முதல் மூன்று இணை சிற்றிலைகள். அவற்றுக்கு மேலே இணை இணையாகப் பற்றுக்கம்பிகள், நுனியில் ஒற்றையாக ஒன்று.

கலர்ப் பூ பூக்கும் வகையாக இருந்தால், செதில்கள் தண்டைத் தழுவும் இடத்தில் ஊதாக் கறை தெரியும். வெள்ளைப் பூ வகையில் அது இருக்காது. பூ பூக்கும் முன்பே பூவின் நிறத்தைச் சொல்லிவிடலாம். பட்டாணியை வைத்து மரபியலுக்கு அடிபோட்ட மெண்டலும் இதைக் குறித்து வைத்திருக்கிறார்.

பற்றுக்கம்பி தனி உறுப்பா, உருமாறிய சிற்றிலையா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

கொடிகள் பற்றிக்கொள்ளும் வழி ஒன்றல்ல. பிரண்டையின் பற்றுக்கம்பி தண்டின் உருமாற்றம், அதனால்தான் அது இலைக்கு எதிர்ப்புறம் கிளம்புகிறது. செங்காந்தளில் இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்கிறது. அவரைக்குப் பற்றுக்கம்பியே கிடையாது, தண்டே பந்தல் காலைச் சுற்றி ஏறிவிடும். பட்டாணியில் சுருள்வது சிற்றிலை.

இதை வெறும் தோற்றத்தை வைத்துச் சொல்லவில்லை. பட்டாணியில் டெண்ட்ரில்-லெஸ் (‘பற்றுக்கம்பி இல்லாத’) என்று ஒரு மரபணு இருக்கிறது. அது பழுதானால் பற்றுக்கம்பி இருந்த இடத்தில் எல்லாம் அகலமான, பச்சையான, முழுச் சிற்றிலைகள் வந்துவிடுகின்றன. செடி பார்க்க அகேசியா (வேல மர இனம்) மாதிரி ஆகிவிடும், அதனால் அந்த வகைக்கு அகேசியா என்றே பெயர். (மரபியலில் இப்படித்தான்: மரபணு பழுதானால் எது இல்லாமல் போகிறதோ, அந்தக் குறையின் பெயரையே மரபணுவுக்கு வைத்துவிடுவார்கள்.) 2009-இல் இந்த மரபணு எது என்று கண்டுபிடித்தார்கள். மற்ற மரபணுக்களை இயக்கவும் அடக்கவும் செய்கிற ஒரு கட்டுப்பாட்டுப் புரதத்துக்கான குறிப்பு அதில் இருக்கிறது. ஹோமியோடொமைன் லூசின் சிப்பர் என்ற குடும்பத்தைச் சேர்ந்த புரதம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு மரபணு போனதும் சிற்றிலை தானாக வருகிறது என்றால், சிற்றிலையாவதுதான் அந்த முளையின் இயல்பு. பற்றுக்கம்பி என்பது இலைப்பரப்பு விரியக் கூடாது என்று தடுக்கப்பட்ட சிற்றிலை. அந்தத் தடைதான் டெண்ட்ரில்-லெஸ் மரபணுவின் வேலை.

இன்னொரு சங்கதி. இது முழுமைபெறா ஓங்குத்தன்மை உள்ள மரபணு. நல்ல பிரதி ஒன்றும் பழுதான பிரதி ஒன்றும் உள்ள செடியில் பற்றுக்கம்பி கொஞ்சம் தட்டையாக, ஒடுங்கிய பட்டை போல இருக்கும். தடை பாதிதான் வேலை செய்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

பூவுக்கான மரபணுதான் இலையையும் செய்கிறது என்கிறார்களே, நிஜமா?

நிஜம். யூனிஃபோலியேட்டா என்ற மரபணு. சுருக்கமாக யூனி என்போம். ஆய்வகங்களில் வளர்க்கும் அரபிடாப்சிஸ் என்ற சின்னச் செடியில் லீஃபி என்றும், ஸ்நாப்டிராகனில் ஃபுளோரிக்காலா என்றும் ஒரு மரபணு உண்டு. அந்தச் செடிகளில் மொட்டு பூவாக மாற அது வேண்டும். 1997-இல் ஹோஃபர் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் பட்டாணியின் யூனி அதே மரபணுவின் பட்டாணி வடிவம் என்று காட்டினார்கள்.

யூனி பழுதான பட்டாணியில் இரண்டு கேடு சேர்ந்தே வரும். இலை ஒற்றைச் சிற்றிலையாகவோ, மிஞ்சிப் போனால் மூன்றாகவோ சுருங்கிவிடும். பூவில் அல்லியும் மகரந்தத்தாளும் இருக்காது. புல்லி போன்றவையும் சூலகம் போன்றவையும் மட்டும் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பூ காய்க்காது. அதனால் இந்த வகையை நேராக விதை எடுத்துப் பாதுகாக்க முடியாது. ஒரு பிரதி மட்டும் பழுதான, பார்க்க நன்றாக இருக்கும் செடிகளிலிருந்துதான் விதை எடுத்து வைக்கிறார்கள்.

இலையில் யூனி என்ன செய்கிறது? தண்டின் நுனியில் இலை முதலில் ஊசிமுனையளவு மேடாகத்தான் கிளம்பும். அந்த மேடு உடனே ‘நான் இலை, இவ்வளவுதான்’ என்று முடிவெடுத்துவிட்டால் தனி இலை. முடிவெடுக்காமல் கொஞ்ச காலம் இருந்தால் அதன் பக்கங்களில் புதுப்புது மேடுகள் கிளம்பும், அவை சிற்றிலைகளாகும். அந்த இழுபறியைத் தாங்கிப் பிடிப்பது யூனி. நம்மூர் வளவு வீடு கட்டும்போது கொத்தனார் நிற்கிற வரை முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீண்டுகொண்டே போகும். கணக்குத் தீர்த்து அனுப்பிய இடத்தில் வீடு முடிந்துவிடும். யூனி அந்தக் கொத்தனார். பட்டாணி இலையும் அடியிலிருந்து நுனிக்குத்தான் எழும்புகிறது: முதலில் செதில்கள், அப்புறம் கீழ்ச் சிற்றிலைகள், கடைசியில் பற்றுக்கம்பிகள்.

ஆகவே, இத்தனை சிற்றிலை வேண்டும் என்று எண்ணிச் சொல்கிற மரபணு எதுவும் பட்டாணியில் இல்லை. முடிவைத் தள்ளிப்போடுவது ஒன்று, முடித்துவைப்பது ஒன்று. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் கால அவகாசம்தான் இலையின் வடிவம். பாடப்புத்தகம் படித்துவிட்டு ‘இந்தப் பண்புக்கு இந்த ஜீன்’ என்று ஒப்பிக்கிற பழக்கத்துக்கு இந்த இலை நல்ல மருந்து.

தக்காளிக்கும் கூட்டிலைதானே? அதிலும் யூனிதானா?

வேலை ஒன்றுதான், ஆள் வேறு. தக்காளியிலும் இன்னும் பல கூட்டிலைத் தாவரங்களிலும் இளம் இலையை இழுபறியில் வைத்திருப்பவை நாக்ஸ் என்ற மரபணுக் கூட்டம். தண்டின் நுனியில் புதுச் செல்களைப் பெருக்கும் ஆக்குத்திசுவை ஆக்குத்திசுவாகவே வைத்திருப்பவையும் அவைதான். சாதாரணமாக இலை கிளம்பும் இடத்தில் அவை அணைந்துவிடும். கூட்டிலைச் செடிகளில் இலைக்குள் மறுபடி எழுகின்றன.

பட்டாணியில் மட்டும் அப்படி எழுவதில்லை. அந்தக் காலியிடத்தில்தான் யூனி வந்து உட்கார்ந்திருக்கிறது. இது பட்டாணிக்கு மட்டுமான கதையும் இல்லை. பட்டாணி, கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, குதிரைமசால் எல்லாம் அவரைக் குடும்பத்துக்குள் ஒரு தனிக் கிளை. பசுங்கணிகத்தின் (இலைக்குப் பச்சை தரும் செல் உறுப்பின்) மரபுத் தொகுதியில் இரண்டு பிரதியாக இருக்கும் ஒரு பெரிய பகுதியில் ஒரு பிரதியை இழந்த கிளை அது. நாக்ஸ் இல்லாமல் கூட்டிலை செய்வது இந்தக் கிளையின் வழக்கம். அதே குடும்பத்தில் இருந்தாலும் சோயா இந்தக் கிளைக்கு வெளியே நிற்கிறது, அதன் இலையில் நாக்ஸ் இயங்குகிறது.

பட்டாணி இலைக்குள் நாக்ஸ் நுழையாமல் காவல் காக்கும் மரபணுவும் உண்டு, கிரிஸ்பா என்று பெயர். அது பழுதானால் நாக்ஸ் உள்ளே வந்து இலை முறுக்கிக்கொண்டு தாறுமாறாகிவிடும்.

இலையில்லாப் பட்டாணி என்று ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. அஃபிலா என்ற மரபணு பழுதான வகை. சிற்றிலைகள் வரவேண்டிய இடத்தில் கிளைத்த பற்றுக்கம்பிக் கொத்துகள் வரும். செதில்கள் பெரிதாக அப்படியே இருக்கும். முதல்முறை பார்ப்பவர்கள் பூச்சி தின்றுவிட்டதோ என்றுதான் கேட்பார்கள்.

இது 1953-இல் ஃபின்லாந்திலிருந்து குஜாலா என்ற ஆய்வாளர் எழுதிய அறிக்கையில் வந்தது. பிறகு வேறு நாடுகளிலும் தனித்தனியாகக் கண்ணில் பட்டது. உழவர்களுக்கு இது பெரிய வரமாகிவிட்டது. சாதாரணப் பட்டாணி காய் முற்றும் நேரத்தில் தரையில் சாய்ந்துவிடும். சாய்ந்தால் அழுகல் வரும், அறுவடை எந்திரம் ஓட்ட முடியாது. அஃபிலா வகையில் பக்கத்துச் செடிகளின் பற்றுக்கம்பிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு வயலே ஒரே வேலி போல நிமிர்ந்து நிற்கும். காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் உலர் பட்டாணி இன்று பெரும்பாலும் இந்த வகைதான். இந்தியாவிலும் இப்படிப்பட்ட ரகங்கள் உண்டு. காரைக்குடி மளிகைக் கடையில் வாங்கும் வெள்ளைப் பட்டாணி இலையில்லாச் செடியில் விளைந்ததாகவே இருக்கலாம். சுண்டலில் தெரியாது.

இலைப்பரப்பு போனால் விளைச்சல் போகாதா என்று கேட்பீர்கள். செதில்கள் ஈடுகட்டிவிடுகின்றன, பற்றுக்கம்பியும் பச்சைதான். செதிலையும் சிறிதாக்கும் மரபணுவைச் சேர்த்து முழுக்க இலையில்லாத செடியும் செய்து பார்த்தார்கள். அது விளைச்சலில் தோற்றது. செதில் பெரிதாக உள்ள பாதி இலையில்லா வகைதான் வயலில் நின்றது.

சிற்றிலை காணாமல் போய்ப் பற்றுக்கம்பி வருவது எப்படி? அஃபிலா என்ன செய்கிறது?

கொத்தனாருக்குக் கணக்குத் தீர்ப்பவர் இவர்தான். இலையின் கீழ்ப்பகுதியில் யூனியை அடக்கி, ‘இங்கே போதும், சிற்றிலையாக முடித்துக்கொள்’ என்று சொல்வது அஃபிலா. அது இல்லாவிட்டால் கீழ்ப்பகுதியிலும் இழுபறி நீள்கிறது. மேடுகள் மேலும் மேலும் கிளைக்கின்றன. டெண்ட்ரில்-லெஸ்ஸின் தடை அங்கேயும் வந்து, கிளைத்தவை எல்லாம் பற்றுக்கம்பியாகின்றன.

அஃபிலா என்பது அடுத்தடுத்து அமைந்த இரண்டு துத்தநாக விரல் வகைக் கட்டுப்பாட்டு மரபணுக்கள் என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டும் சேர்ந்து தொலைந்தால்தான் இந்தத் தோற்றம் வருகிறது.

அஃபிலா, டெண்ட்ரில்-லெஸ் இரண்டும் ஒரே செடியில் பழுதானால்?

தேர்வில் கேட்க ஏற்ற கேள்வி, விடையை முன்கூட்டியே ஊகிக்கலாம். அஃபிலா இல்லை, எனவே கிளைப்பு நிற்காது. டெண்ட்ரில்-லெஸ் இல்லை, எனவே இலைப்பரப்புக்குத் தடை இல்லை. ஆக, பல முறை கிளைத்து, ஒவ்வொரு நுனியிலும் குட்டிக் குட்டிச் சிற்றிலை. பார்ஸ்லி இலை என்று வெளிநாட்டில் பெயர். எனக்கு முருங்கை ஈர்க்கு ஞாபகம்தான் வரும்.

இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் சார்பின்றி ஒதுங்குகின்றன, அதாவது ஒன்று போகும் வழியை மற்றது கட்டுப்படுத்துவதில்லை. சாதாரண வகையையும் இரட்டைப் பழுது வகையையும் கலந்தால், இரண்டாம் தலைமுறையில் 9 சாதாரணம், 3 அஃபிலா, 3 அகேசியா, 1 பார்ஸ்லி. கண்ணைத் தீட்டிப் பார்த்தால் அந்த 9-இல் 6 செடிக்குப் பற்றுக்கம்பி தட்டையாக இருக்கும். விதை நிறத்தை வைத்துச் சலிப்பாகச் சொல்லித்தரும் விகிதத்தை இதை வைத்துச் சொல்லலாம். நாற்று வளரும்போதே விடை தெரிந்துவிடும், காய் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

மெண்டல் இலை வடிவத்தை ஏன் எடுக்கவில்லை?

அவர் எடுத்த 7 பண்புகளில் இலை இல்லை, அவ்வளவுதான். எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ருசியான பகுதி. டெண்ட்ரில்-லெஸ்ஸும், விதை உருண்டையா சுருங்கியதா என்பதைத் தீர்மானிக்கும் மரபணுவும் ஒரே குரோமோசோமில் அருகருகே இருக்கின்றன. 1911-இல் வில்மோரின், பேட்சன் என்ற ஆய்வாளர்கள் இந்தப் பிணைப்பைத்தான் (இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே போவதை) வெளியிட்டார்கள். அகேசியா வகை மட்டும் மெண்டல் கையில் கிடைத்து, அதையும் விதை வடிவத்தையும் சேர்த்து எண்ணியிருந்தால், 1866 கட்டுரையில் சார்பின்றி ஒதுங்குதல் அவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

இலையடிச் செதிலுக்கும் மரபணு உண்டா?

இரண்டைச் சொல்கிறேன். ஒன்று காக்லியேட்டா. இது பழுதானால் செதில் இருக்கவேண்டிய இடத்தில் சிற்றிலையும் பற்றுக்கம்பியும் உள்ள குட்டிக் கூட்டிலை முளைக்கும். இதே செடியின் வேரைத் தோண்டிப் பார்த்தால் இன்னொரு அதிசயம்: பாக்டீரியா குடியிருக்கும் வேர் முண்டுகளின் நுனியிலிருந்து வேர்கள் கிளம்பும். செதிலுக்கும் முண்டுக்கும் ஒரே மரபணு என்று 2012-இல் தெரிந்தது. இரண்டு இடத்திலும் அது ‘நீ இதுவாகவே இரு, வேறாக மாறாதே’ என்கிறது. மற்றொன்று செதிலைச் சிறிதாக்குவது, மேலே முழு இலையில்லா வகையில் சொன்னேனே, அதுதான்.

என் தொட்டியில் கீழ் இலை ஒரு மாதிரி, மேல் இலை வேறு மாதிரி. சடுதி மாற்றமா (மரபணுப் பழுதா)?

புதுவயல் ஆச்சி ஒருவர் கேட்டது. இல்லை ஆச்சி, எல்லாப் பட்டாணியும் அப்படித்தான். முதல் இரண்டு கணுவில் மூன்று பல் வைத்த சின்னச் செதில் போல ஏதோ இருக்கும், இலை என்றே தோன்றாது. மூன்றாவது கணுவில் ஓர் இணை சிற்றிலை. பற்றுக்கம்பி இருந்தாலும் சின்னதாக ஒற்றையாக இருக்கும். மேலே போகப் போக இரண்டு இணை, மூன்று இணை, பற்றுக்கம்பியும் கூடும். செடி முதிர முதிர இழுபறிக் காலமும் நீள்கிறது. சடுதி மாற்றம் என்றால் எல்லா மேல் இலைகளிலும் ஒரே மாதிரி தெரியும்.

ஹார்மோனுக்குப் பங்கு இல்லையா?

உண்டு. சிற்றிலை எங்கே கிளம்பும் என்பதை ஆக்சின் குவியும் இடம் சொல்கிறது. ஆக்சின் நகர்வைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் பட்டாணி இலை எளிமையாகிவிடும்.

காரைக்குடி வெயிலில் வளர்த்துப் பார்க்க முடியுமா?

இலை பார்க்க முடியும், காய் பறிக்க ஆசைப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பட்டாணி ஊட்டி, கொடைக்கானல் பயிர். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் பூ உதிரும். கார்த்திகைக் கடைசியில் ஊன்றினால் மார்கழி, தை இரண்டும் கைகொடுக்கும். காலை வெயில் மட்டும் படுகிற இடம் போதும், வளவு முற்றத்தின் ஓரம் சரியாக இருக்கும்.

மளிகைக் கடையில் முழுப் பட்டாணி கேட்டு வாங்குங்கள், உடைத்த பருப்பு முளைக்காது. ராத்திரி ஊறவைத்து, காலையில் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், அவரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு வராது. பருப்பு மேலே வரவில்லையே, அழுகிவிட்டது என்று தோண்டாதீர்கள். தண்ணீர் தேங்கினால்தான் அழுகும். நாலைந்து இலை வந்ததும் பக்கத்தில் ஒரு தென்னை ஈர்க்கை நட்டு வையுங்கள். பற்றுக்கம்பி தொட்ட பக்கமாக வளைவதை அன்றைக்கே பார்க்கலாம்.

கடைப் பட்டாணியில் அஃபிலா வந்தால் அதிர்ஷ்டம். பிடுங்கி எறியாதீர்கள்.

அஃபிலா ரகம் மரபணு மாற்றப் பயிரா?

இல்லை. வயலில் தானாக வந்த சடுதி மாற்றத்தைச் சாதாரணக் கலப்பினால் நல்ல ரகங்களுக்குள் கொண்டுவந்தது. ஆய்வகத்தில் வேறு உயிரின் மரபணுவைச் செருகவில்லை.

பட்டாணியின் மரபணுத் தொகுதியை முழுசாகப் படித்துவிட்டார்களா?

2019-இல் முதல் முழு வரைபடம் வந்தது. 7 இணை குரோமோசோம், ஏறக்குறைய 445 கோடி எழுத்துகள். மனிதனுடையதைவிடப் பெரிது, பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் தொடர்கள். மெண்டலின் ஆதர்சச் செடி இவ்வளவு தாமதமாக வரிசையில் வந்ததற்கு இந்தப் பருமன் ஒரு காரணம்.

கொழுந்தைச் சமைக்கலாமா?

தாராளமாக. பற்றுக்கம்பியோடு கிள்ளிப் பருப்பில் போடலாம், பட்டாணி மணம் இருக்கும். விதைக்கென்று விற்கும் பாக்கெட்டில் மருந்து பூசியிருந்தால் மட்டும் அந்தக் கொழுந்து வேண்டாம்.